லெக்ராண்டைட்: ஒரு மஞ்சள் ஆர்சனேட் பற்றிய கேள்வி பதில்

லெக்ராண்டைட் என்ற அரிய கனிமத்தைப் பற்றிப் பேசியதிலிருந்து குப்பம், பலமனேர், சித்தூர், நகரி பக்கத்து நம் ஆட்களிடமிருந்து கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். வகைப்பாடு பற்றிய பதில் மட்டும் கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள், மற்றவை அதிலிருந்துதான் வருகின்றன.

கேள்வி (பி.எஸ்சி. மாணவி, குப்பம்): சார், லெக்ராண்டைட் என்றால் என்ன? எங்கள் பாடப் புத்தகத்தில் பெயரே இல்லையே?

பாடப் புத்தகத்தில் இருக்காதும்மா. உலகத்தில் அங்கீகரிக்கப்பட்ட கனிமங்கள் ஆறாயிரத்துக்கும் மேல். பாடத்தில் வருவது நூறு, நூற்றைம்பது.

இது துத்தநாகத்தின் நீரேறிய ஆர்சனேட். ஆர்சனேட் என்றால் ஓர் ஆர்சனிக்கைச் சுற்றி நான்கு ஆக்சிஜன் சேர்ந்த தொகுதி. வாய்பாட்டை வார்த்தையில் சொன்னால்: இரண்டு துத்தநாகம், ஒரு ஆர்சனேட், ஒரு ஹைட்ராக்சில் (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஜோடி), ஒரு நீர் மூலக்கூறு. எடையில் பார்த்தால் துத்தநாக ஆக்சைடு சுமார் 53.4 சதவீதம், ஆர்சனிக் பென்டாக்சைடு 37.7 சதவீதம், மீதி 8.9 நீர். படிக அமைப்பு ஒற்றைச்சரிவு. மோஸ் அளவில் கடினம் 4.5, அடர்த்தி ஏறக்குறைய 4. கண்ணாடிப் பளபளப்பு, தேய்த்தால் வெள்ளைக் கோடு. நிறமற்றதிலிருந்து பளிச்சென்ற மஞ்சள் வரை கிடைக்கும்.

மெக்சிகோவின் நுவேவோ லியோன் மாநிலத்தில் லம்பாசோஸ் பக்கம் ஃப்ளோர் தெ பேனியா என்ற சுரங்கம். அங்கே கிடைத்த மாதிரியை ஆராய்ந்து 1932-இல் ட்ரக்மேன், ஹே என்ற இருவர் புதுக் கனிமமாக அறிவித்தார்கள். அதைச் சேகரித்துக் கொடுத்த பெல்ஜியப் பொறியாளர் லெக்ராண்டின் பெயரையே அதற்கு வைத்தார்கள். ஆனால் சேகரிப்பாளர்கள் ஆசைப்படும் நல்ல படிகங்கள் வந்தது துராங்கோ மாநிலம் மப்பிமியில் இருக்கும் ஒஹுவேலா சுரங்கத்திலிருந்து. லிமோனைட் என்ற பழுப்பு நிற இரும்புத் துருக் கல்லின் பொந்துக்குள் மஞ்சள் குச்சிகள் ஒரே புள்ளியிலிருந்து விசிறியாக விரிந்து நிற்கும். ஒவ்வொரு குச்சியின் நுனியும் சாய்வாகச் சீவினாற்போல முடியும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஒரு குச்சி வழியாக அதற்குப் பின்னால் நிற்கும் குச்சி தெரியும், அவ்வளவு தெளிவு.

கேள்வி (பள்ளி ஆசிரியர், பலமனேர்): இதை எந்த வகுப்பில் சேர்க்கிறார்கள்? துத்தநாகக் கனிமம் என்று சொல்லிவிட்டால் போதாதா?

போதாது சார். சுரங்க முதலாளிக்கு வேண்டுமானால் துத்தநாகம் முக்கியம். கனிமவியல் உலோகத்தை முதலில் பார்ப்பதில்லை. எதிரயனி, அதாவது உலோகத்தோடு சேரும் எதிர்மின்னூட்டப் பகுதி, எது என்றுதான் பார்க்கும். ஒரே துத்தநாகம் கந்தகத்தோடு சேர்ந்தால் ஸ்பேலரைட், கார்பனேட்டோடு சேர்ந்தால் ஸ்மித்சோனைட். இரண்டுக்கும் குணத்தில் ஒட்டு உறவே கிடையாது. அதே சமயம் ஒரே எதிரயனி கொண்ட துத்தநாகக் கனிமமும் செம்புக் கனிமமும் பல நேரம் அண்ணன் தம்பி போல இருக்கும்.

கனிமங்களை இப்படி வேதிச் சேர்க்கைப்படி பிரிக்கும் ஸ்ட்ரன்ஸ் வகைப்பாட்டில் எட்டாம் வகுப்பு என்பது பாஸ்பேட், ஆர்சனேட், வனடேட் மூன்றுக்கும் பொது. மூன்றிலும் நடுவில் ஓர் அணு, சுற்றி நான்கு ஆக்சிஜன், நான்முகி வடிவம். நடுவில் இருப்பது பாஸ்பரஸா, ஆர்சனிக்கா, வனேடியமா என்பதுதான் வித்தியாசம். அதனால் ஒன்றின் இடத்தில் இன்னொன்று உட்கார்ந்துகொள்ளும்.

அந்த வகுப்புக்குள் இரண்டே கேள்வி கேட்கிறார்கள். ஹைட்ராக்சில் போல் கூடுதல் எதிரயனி இருக்கிறதா? நீர் மூலக்கூறு இருக்கிறதா? இரண்டும் இல்லையென்றால் 8.ஏ. எதிரயனி உண்டு, நீர் இல்லை என்றால் 8.பி. நீர் உண்டு, எதிரயனி இல்லை என்றால் 8.சி. இரண்டும் இருந்தால் 8.டி.

இதைப் புரியவைக்க ஒஹுவேலாவை விட நல்ல இடம் எனக்குத் தெரியாது. அந்த ஒரே சுரங்கத்தில் நான்கு துத்தநாக ஆர்சனேட்டுகள் கிடைக்கின்றன.

அடமைட்டில் இரண்டு துத்தநாகம், ஒரு ஆர்சனேட், ஒரு ஹைட்ராக்சில். நீர் கிடையாது. எனவே 8.பி. நேர்சாய்சதுரப் படிகம். பாரடமைட்டுக்கும் அதே வாய்பாடுதான், அணுக்கள் அடுக்கியிருக்கும் விதம் மட்டும் வேறு. அது முச்சரிவுப் படிகம். 1956-இல் இதே மப்பிமி மாதிரிகளிலிருந்துதான் அடையாளம் கண்டார்கள். அதுவும் 8.பி, ஆனால் குடும்பம் வேறு. டார்புட்டைட் என்ற துத்தநாக பாஸ்பேட்தான் அதற்கு நெருங்கிய சொந்தம். ஆர்சனிக் இருந்த இடத்தில் பாஸ்பரஸ், மற்றபடி அதே அமைப்பு. பாஸ்பேட்டையும் ஆர்சனேட்டையும் ஏன் ஒரே வகுப்பில் வைத்தார்கள் என்பதற்கு இந்த ஜோடியே சாட்சி.

லெக்ராண்டைட் என்பது அடமைட் வாய்பாட்டோடு ஒரு நீர் மூலக்கூறு கூடியது. எனவே 8.டி. முழு எண் 8.டிசி.10. நான்காவது கோட்டிகைட்: மூன்று துத்தநாகம், இரண்டு ஆர்சனேட், எட்டு நீர், ஹைட்ராக்சில் இல்லை. எனவே 8.சி. அது விவியனைட் குழுவைச் சேர்ந்தது. இளஞ்சிவப்புக் கோபால்ட் ஆர்சனேட்டான எரித்ரைட்டும், பச்சை நிக்கல் ஆர்சனேட்டான அன்னபெர்கைட்டும் அதே குழு.

நான்கிலும் உலோகம் ஒன்று, சுரங்கம் ஒன்று. ஆனாலும் மூன்று தனிப் பிரிவுகள். வகுப்பில் இதைப் பலகையில் எழுதிக் காட்டிப் பாருங்கள், பிள்ளைகள் மறக்கமாட்டார்கள்.

கேள்வி (அதே ஆசிரியர்): ஒரு நீர் மூலக்கூறு கூடியதற்காகத் தனிப் பிரிவா? கையில் எடுத்துப் பார்த்தால் தெரியுமா?

தெரியும். அடர்த்தியைப் பாருங்கள். பாரடமைட் 4.55. அடமைட் 4.3 முதல் 4.5 வரை. லெக்ராண்டைட் சுமார் 4. கோட்டிகைட் 3.3. நீர் ஏற ஏற எடை இறங்குகிறது. கோட்டிகைட்டின் எடையில் கிட்டத்தட்ட கால் பங்கு வெறும் நீர்தான்.

கடினம் மட்டும் இப்படி ஒழுங்காக இறங்காது, அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். அடமைட் 3.5, லெக்ராண்டைட் 4.5. நீர் சேர்ந்தது கடினமாகியிருக்கிறது! கோட்டிகைட்டோ 3-க்கும் கீழே. காரணம், எவ்வளவு நீர் என்பதோடு அந்த நீர் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதும் முக்கியம். விவியனைட் குழுவில் அணுக்கள் தாள் தாளாக அடுக்கியிருக்கும். தாளுக்கும் தாளுக்கும் நடுவே வலுவில்லாத ஹைட்ரஜன் பிணைப்புதான். நகம் பட்டாலே இதழ் இதழாகப் பிரிந்துவிடும் போல இருக்கும். லெக்ராண்டைட்டில் அப்படிச் சுலபமாகப் பிரியும் தளம் கிடையாது, பிளவு மங்கலாகத்தான் தெரியும்.

கேள்வி (கிரானைட் குவாரியில் வேலை பார்ப்பவர், குப்பம்): அண்ணா, நம்ம ஊர்க் கல்லில் இது கிடைக்குமா? குப்பம் பச்சைக் கல்லை உடைக்கும்போது உள்ளே மஞ்சள் தெரிகிறது.

தம்பி, கிரானைட்டில் இது வராது. விரிசல் ஓரம் தெரியும் மஞ்சள் பெரும்பாலும் இரும்புத் துரு. தண்ணீர் இறங்கின வழி அது.

லெக்ராண்டைட் பூமிக்கு அடியில் சூட்டில் பிறந்த கனிமம் இல்லை. முதலில் ஸ்பேலரைட்டும் ஆர்செனோபைரைட்டும் ஒரே இடத்தில் நிறைய இருக்க வேண்டும். மேலிருந்து காற்றும் தண்ணீரும் இறங்கி இரண்டையும் அரிக்க வேண்டும். ஒன்றிலிருந்து துத்தநாகம் கரையும், இன்னொன்றிலிருந்து ஆர்சனிக் ஆர்சனேட்டாக மாறிக் கரையும். கரைசல் ஒரேயடியாக அமிலமாக இருந்தாலும் படிகம் வராது. சுற்றிச் சுண்ணாம்புக்கல் இருந்தால் அது அமிலத்தை அடக்கும். ஒஹுவேலா அப்படிச் சுண்ணாம்புக்கல்லுக்குள் இருந்த ஈய, வெள்ளி, துத்தநாகச் சுரங்கம். இதில் இரும்பு ஒரு பெரிய போட்டியாளர். கரைந்த ஆர்சனேட்டைத் துத்தநாகத்துக்கு விடாமல் அதுவே பிடித்துக்கொள்ளும். இத்தனையும் ஒன்றாகக் கூடிவருவது அபூர்வம், அதனால்தான் கனிமமும் அபூர்வம். நமீபியாவின் ட்சுமெப் போன்ற சில சுரங்கங்களிலும் கிடைத்திருக்கிறது.

கேள்வி (வி.கோட்டாவிலிருந்து ஒருவர்): எங்கள் தாத்தா கோலார் தங்கவயலில் வேலை பார்த்தவர். அவர் கொண்டுவந்த வெள்ளி நிறக் கல் ஒன்று வீட்டில் இருக்கிறது. சுத்தியால் தட்டினால் பூண்டு வாசம் வருகிறது. அது இந்த ஜாதியா?

அது ஆர்செனோபைரைட்டாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். இரும்பு, ஆர்சனிக், கந்தகம் மூன்றும் சேர்ந்தது. கோலாரின் சல்பைடு கொண்ட தாதுப் பட்டைகளில் அது உண்டு. அந்தப் பாறைப் பட்டையின் தெற்கு வால்தான் நம் குப்பம் பக்கத்துச் சிகுருகுண்டா, பிசானத்தம் வரை வருகிறது. உங்கள் கல்லைக் கவனமாகப் பாருங்கள். உடைந்த புது முகம் வெள்ளி போல மின்னும், பழைய முகம் மங்கியிருக்கும், படிகத்தின் குறுக்குவெட்டு சாய்சதுரமாக இருக்கும். கையில் எடுத்தால் அளவுக்கு மீறின கனம். அடர்த்தி 6.

ஆனால் இது ஆர்சனேட் இல்லை, சல்பைடு. வகுப்பு இரண்டு. எட்டாம் வகுப்பு ஆர்சனேட்டுகள் இப்படிப்பட்ட கல் மட்கிய பிறகு பிறப்பவை. உங்கள் கல்லின் ஓரத்தில் பச்சை கலந்த பழுப்புப் படலம் ஏதாவது இருந்தால் அது ஸ்கொரோடைட்டாக இருக்கலாம். இரும்பு ஆர்சனேட்டோடு இரண்டு நீர் சேர்ந்தது. நம் பக்கம் ஆர்சனேட் தேடுகிறவர் முதலில் எதிர்பார்க்க வேண்டியது அதைத்தான்.

அப்புறம், இனிமேல் அதைத் தட்டாதீர்கள். அந்தப் பூண்டு வாசமே ஆர்சனிக்தான். அடுப்பிலோ நெருப்பிலோ போடவே கூடாது.

கேள்வி (சித்தூர்): ஆன்லைனில் 'லெக்ராண்டைட்' என்று ஒரு சின்னத் துண்டு வாங்கினேன் சார். உண்மையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் இருட்டு அறையில் புறஊதா டார்ச் அடியுங்கள். பச்சை கலந்த எலுமிச்சை மஞ்சளில் பளீரென்று ஒளிர்ந்தால் அது அடமைட். லெக்ராண்டைட் ஒளிராது. ஆனால் ஒளிரவில்லை என்பதற்காக அடமைட் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். செம்பு கலந்த பச்சை அடமைட்டும் ஒளிராது, செம்பு ஒளிர்வை அணைத்துவிடும்.

அடுத்து வடிவம். அடமைட் பெரும்பாலும் குட்டையான படிகங்களாகவோ உருண்டைத் திரளாகவோ வரும். லெக்ராண்டைட் நீளக் குச்சி. மிமெடைட் என்ற மஞ்சள் ஈய ஆர்சனேட்டும் அதே சுரங்கத்தில் கிடைக்கும். அதற்கு அறுகோண அமைப்பு, அடர்த்தி 7-க்கும் மேல். தனித் துண்டாக இருந்தால் நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு எடை பார்த்தாலே இரண்டையும் பிரித்துவிடலாம். தாய்ப்பாறையோடு ஒட்டியிருந்தால் இந்த வழி உதவாது. உறுதியாக வேண்டுமென்றால் ராமன் நிறமாலையோ எக்ஸ்ரே விளிம்பு விளைவோ பார்க்கும் கல்லூரி ஆய்வகத்தில் கேளுங்கள். நல்ல படிகத்தைக் கத்தியால் கீறிப் பார்க்காதீர்கள், ஒரு கீறலில் அதன் அழகும் மதிப்பும் போய்விடும்.

கேள்வி (நகரி, சித்த மருத்துவக் குடும்பம்): எங்கள் வீட்டில் தாளகம், மனோசிலை என்று சொல்வார்களே, அவையும் ஆர்சனேட்டா?

இல்லை ஐயா. இரண்டுமே ஆர்சனிக் சல்பைடுகள். மஞ்சளாக இருப்பது தாளகம், சிவப்பாக இருப்பது மனோசிலை. அவற்றில் ஆர்சனிக் கந்தகத்தோடுதான் சேர்ந்திருக்கிறது, ஆக்சிஜன் கிடையாது. ஆர்சனைட் என்று இன்னொரு வகையும் உண்டு. அதில் ஆர்சனிக்கைச் சுற்றி மூன்று ஆக்சிஜன்தான், அதை நான்காம் வகுப்பில் வைப்பார்கள். பெயர் ஒன்றுபோல் ஒலித்தாலும் கலந்துவிடாதீர்கள்.

கேள்வி (சத்தியவேடு, இரண்டு குழந்தைகளின் தாய்): வீட்டில் வைத்திருந்தால் விஷமா அண்ணா?

மூடின கண்ணாடிப் பெட்டியில், பிள்ளைகள் கைக்கு எட்டாத உயரத்தில் இருந்தால் பயப்பட ஒன்றுமில்லைம்மா. படிகம் காற்றில் விஷம் விடாது. ஆனால் எடையில் கால் பங்கு ஆர்சனிக், அதை மறக்கக்கூடாது. தொட்டால் கை கழுவுங்கள். தூள் உதிர்ந்தால் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத் துணியால் துடைத்து எடுங்கள். குடிநீரில் ஆர்சனிக்குக்கு இந்தியத் தர நிர்ணயம் வைத்திருக்கும் வரம்பே லிட்டருக்கு 0.01 மில்லிகிராம்தான் என்றால் எவ்வளவு கவனம் வேண்டும் என்று புரியும். மீன் தொட்டியில் அழகுக்குப் போடுகிறேன் என்று மட்டும் கிளம்பிவிடாதீர்கள்.

கேள்வி (புத்தூர்): அடமைட் ஏன் இத்தனை நிறத்தில் வருகிறது?

சுத்தமான அடமைட்டுக்கு நிறமே இல்லை. துத்தநாகத்தின் இடத்தில் செம்பு நுழைந்தால் பச்சை, கோபால்ட் என்றால் இளஞ்சிவப்பு, மாங்கனீசு என்றால் ஊதா. செம்பு முழுதாக இடத்தைப் பிடித்துவிட்டால் அது ஒலிவனைட் என்ற வேறு கனிமம். துத்தநாகமும் செம்பும் சரிபாதியாக இருப்பதற்கும் ஜிங்கொலிவனைட் என்று தனிப் பெயர் உண்டு.

கேள்வி (நகை வேலை செய்பவர், சித்தூர்): மோதிரத்தில் பதிக்கலாமா?

வேண்டாம். 4.5 கடினத்துக்குத் தெருப்புழுதியே கீறல் போட்டுவிடும், அதில் இருக்கும் குவார்ட்ஸ் தூளின் கடினம் 7. தோலில் உரசிக்கொண்டே இருக்கும் நகைக்கு ஆர்சனிக் கல் ஆகவும் ஆகாது. பட்டை தீட்டும்போது பறக்கும் தூள் உங்கள் நுரையீரலுக்குத்தான் போகும்.

கேள்வி (மறுபடி சித்தூர், ஆன்லைனில் வாங்கியவர்): துரு மாதிரி ஒட்டியிருக்கிறது. ஆசிட்டில் கழுவலாமா?

கூடவே கூடாது. நீர்த்த அமிலத்திலேயே லெக்ராண்டைட் கரைந்துவிடும். துரு போவதற்குள் படிகம் போய்விடும், மிச்சமிருக்கும் திரவமும் விஷமாகிவிடும். அந்தத் துரு லிமோனைட், கல் பிறந்த இடத்தின் அடையாளமே அதுதான், இருக்கட்டும். தூசி மட்டும் என்றால் மெல்லிய தூரிகையை நனைத்து, குச்சிகளின் நீளவாக்கில் ஒத்தி எடுங்கள்.