பழைய மெகா டிரைவ் வீடியோ கேம் கன்சோலில் தேய்ந்துபோன தங்க எழுத்தை வீட்டிலேயே மீட்க முடியுமா? எந்தப் பெயிண்ட் வாங்கலாம்?

முடியும். மாமா கொடுத்த மெகா டிரைவில் "16-பிட்" என்ற தங்க எழுத்து பாதி போய்விட்டது, கூடவே வந்த அட்டாரி 2600 கன்சோலில் ஆரஞ்சுக் கோடும் வெளுத்துவிட்டது என்று கேட்டிருக்கிறீர்கள். பெயிண்டைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன்னால், எதைக் கொண்டு துடைக்கப் போகிறீர்கள்? நான் அந்த இடத்தில்தான் ஒரு மேல்மூடியையே பலி கொடுத்தேன்.

நான் மலேசியாவில் ஈப்போ பக்கம் இருக்கும் சுங்கை சிப்புட்காரன். அப்பா தோட்டத்தில் பால் மரம் சீவியவர். ஒரு தீபாவளிக்கு ஈப்போவில் இருந்து மெகா டிரைவ் வாங்கி வந்தார், ஜப்பானிய வகை. சேகா நிறுவனம் அதை ஜப்பானில் 1988-இல் வெளியிட்டது, எங்கள் தோட்ட லயத்துக்கு வந்து சேர மேலும் சில வருடம் ஆனது. கறுப்பு உடம்பில் தங்க எழுத்து, அதுவும் புடைப்பாக. விளையாட வந்தவன் எல்லாம் முதலில் அதைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவான். போதாததற்கு, அம்மா வெள்ளிக்கிழமை சாமி படம் துடைத்த கையோடு அதே ஈரத்துணியால் இதையும் ஒரு இழு இழுத்துவிடுவார். பத்து வருடத்தில் தங்கம் கறுப்பாகிவிட்டது.

பல வருடம் கழித்து அதைச் சரிசெய்யலாம் என்று எடுத்தேன். மிச்சம் இருந்த தங்கத்தைச் சுத்தமாக எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசலாம் என்று ஒரு யோசனை. அக்காவின் நெயில் பாலிஷ் ரிமூவரைப் பஞ்சில் நனைத்துத் தேய்த்தேன். அதில் இருப்பது அசிட்டோன். கன்சோலின் உடம்பு ஏபிஎஸ் பிளாஸ்டிக். அசிட்டோன் பட்டால் ஏபிஎஸ் கரையும். எழுத்தின் விளிம்புகள் வெல்லப்பாகு மாதிரி இளகி, பஞ்சு இழை ஒட்டிக்கொண்டு, பார்க்கச் சகிக்கவில்லை. ஹார்ட்வேர் கடையில் டின்னில் விற்கும் தின்னரும் இதே வேலையைத்தான் செய்யும். பிறகு ஈப்போவில் ஞாயிறு காலை கூடும் பழைய சாமான் சந்தையில் ஓடாத மெகா டிரைவ் ஒன்றை நாற்பது வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கி, அதன் மூடியைக் கழற்றிப் போட்டேன்.

அதனால் சொல்கிறேன்: முதலில் மூடியைக் கழற்றித் தனியாக எடுத்துக்கொண்டு, பாத்திரம் கழுவும் சோப்பும் தண்ணீரும் மென்மையான பல்துலக்கியும் போதும் என்று தொடங்குங்கள். வெளுத்துவிட்டது என்று நினைப்பதில் பாதி அழுக்காக இருக்கும். என் அட்டாரியின் கோடு கழுவிய பிறகு எனக்கே அடையாளம் தெரியவில்லை. அதன் பிறகும் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால், மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் லேசாகத் தொட்டு, பூச வேண்டிய இடத்தில் மட்டும் ஒரு துடைப்பு. பக்கத்தில் இருக்கும் வெள்ளை அச்செழுத்தில் படவிடாதீர்கள், அதையும் ஆல்கஹால் எடுத்துவிடக்கூடும். அடிப்பக்கம் கண்ணில் படாத மூலையில் முதலில் சோதித்துவிடுங்கள்.

சரி, பெயிண்ட். புத்தகக்கடையில் விற்கும் தங்க நிறப் பெயிண்ட் மார்க்கர் போதும். ஆனால் மார்க்கர் முனையால் எழுத்தின் மேல் நேராக எழுதாதீர்கள். முனை வழுக்கி ஓரத்தில் இறங்கினால் கறுப்பு பிளாஸ்டிக்கில் பளிச்சென்று தெரியும். பள்ளிப் பிள்ளைகளின் அழிப்பான் ஒன்றை எடுத்து, தட்டையான பக்கத்தில் மார்க்கர் மையைத் தடவி, காகிதத்தில் ஒன்றிரண்டு முறை ஒற்றி எடுத்தால் மெல்லிய படலம் மட்டும் மிஞ்சும். அதைப் புடைப்பு எழுத்தின் மேல் ரப்பர் முத்திரை குத்துகிற மாதிரி மெதுவாக வைத்து எடுங்கள். மேடான இடத்தில் மட்டும் தங்கம் ஒட்டும், பள்ளத்தில் இறங்காது. முதல் பூச்சு திட்டுத்திட்டாக, அசிங்கமாகத்தான் இருக்கும். அங்கே பொறுமை இழந்து இரண்டாவது முறை அழுத்திக் குத்தினால் கெட்டது. ஒரு நாள் விட்டு அடுத்த பூச்சு, மூன்று பூச்சில் நிறம் வந்துவிடும். வழிந்ததை உடனே, ஈரமாக இருக்கும்போதே, பல்குச்சியில் சுற்றிய பஞ்சால் எடுத்துவிடுங்கள்.

நம் ஊர் மழையையும் கணக்கில் வையுங்கள். காற்றில் ஈரம் அதிகமாக இருக்கும்போது பூசினால் சில பெயிண்டுகள் காயும்போது வெண்புகை படிந்த மாதிரி மங்கிவிடும். சுங்கை சிப்புட்டில் பிற்பகல் மழை வராத நாளைத் தேடுவது கஷ்டம், ஆகவே நான் காலை பத்து மணிக்கு முன்பே முடித்துவிடுவேன். தொட்டால் ஒட்டவில்லை என்பதால் காய்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. ஒரு வாரம் விரல் படக் கூடாது.

உண்மையை ஒத்துக்கொள்கிறேன், பெயிண்ட் தங்கம் பழைய பளபளப்பைத் தராது. கொஞ்சம் தூள் தூளாக, மாட்டுப்பொங்கலுக்குக் கொம்பில் அடித்த வண்ணம் மாதிரித்தான் இருக்கும். பளபளப்பு கூடட்டும் என்று மேலே கிளியர் ஸ்பிரே அடித்தால் தங்கம் இன்னும் சாம்பலாகும். அதைச் செய்யவே வேண்டாம்.

அட்டாரிக்கு வேறு பிரச்சினை. அது 1977-இல் வந்த கன்சோல், ஆரஞ்சு நிறத்துக்கும் அத்தனை வயது. இன்றைய ஆரஞ்சு மார்க்கர் அதன் பக்கத்தில் போக்குவரத்துக் கூம்பு மாதிரி கத்தும். தட்டில் ஒரு துளி பழுப்பும் ஒரு துளி மஞ்சளும் கலந்து, வெயில் படாத மூலையில் மிஞ்சிய நிறத்தோடு ஒப்பிட்டு, மெல்லிய தூரிகையால் விட்டுப்போன இடங்களை மட்டும் நிரப்புங்கள். முழுக் கோட்டையும் புதிதாக இழுத்தால் பொம்மை மாதிரி ஆகிவிடும்.

உங்களிடம் உள்ள வேறு எதிலாவது எழுத்து குழிவாக இருந்தால் முறை தலைகீழ்: குழி நிறைய அக்ரிலிக் பெயிண்டை விட்டு, பழைய வங்கி அட்டையில் துணியை இறுக்கிச் சுற்றி, குழிக்குக் குறுக்கே வழித்துவிடுங்கள். குழியின் நீளவாக்கில் வழித்தால் துணி உள்ளே இருப்பதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வந்துவிடும். குண்டம் என்ற ஜப்பானிய ரோபோ பொம்மைகளைப் பாகம் பாகமாகப் பொருத்திச் செய்கிற பையன்கள் இதற்கு எனாமல் பெயிண்டைச் சொல்வார்கள். எனாமல் தின்னர் ஏபிஎஸ் பாகங்களில் விரிசல் விட வைக்கும் என்பதும் அவர்களுக்கே தெரியும்.

வெள்ளைக் கன்சோல் மஞ்சளாகிவிட்டது என்று யாராவது ஹைட்ரஜன் பெராக்சைடு வைத்தியம் சொன்னால், அதை முதலில் முடித்துவிட்டுப் பிறகு பெயிண்டுக்கு வாருங்கள். உங்கள் இரண்டும் கறுப்பு என்பதால் அந்தத் தலைவலி இல்லை.

என்னுடையது இப்போது நன்றாக இருக்கிறது, கடைசி எழுத்தில் ஒரு மூலை தவிர. அம்மாவுக்கு வெள்ளிக்கிழமைப் பழக்கம் இன்னும் போகவில்லை, அதனால் பெட்டியை அவருக்கு எட்டாத மேல்தட்டில் ஏற்றி வைத்திருக்கிறேன்.