ஆஸ்துமா ஊசியை வருடக்கணக்கில் போட்டால் என்ன ஆகும்? அருமனைத் தம்பிக்கு ஒரு பதில்

தம்பி, நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்கிறேன், சரியா பாருங்கள். அருமனையிலிருந்து இங்கிலாந்து வந்து ஒரு வருடம், மனைவிக்கு நர்ஸ் வேலை, வந்ததிலிருந்து ஆஸ்துமாவுக்கு நான்கு தடவை ப்ரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை கோர்ஸ் ஓடிவிட்டது, இப்போது ஆஸ்பத்திரியில் மெப்போலிசுமாப் என்ற ஆஸ்துமா ஊசி ஆரம்பிக்கலாம் என்கிறார்கள், எத்தனை வருடம் என்று கேட்டால் "பார்க்கலாம்" என்கிறார்கள், நெட்டில் தேடினால் உயிருக்கே ஆபத்து என்று வருகிறது, ஊரில் அம்மா "ஊசி வேண்டாம் மக்களே, பழகிப்போவும்" என்று போனில் அழுகிறார். இதுதானே?

நானும் கன்னியாகுமரி மாவட்டம்தான், கருங்கல் ஊர்ப் பக்கம். இங்கே வந்து பிள்ளைகள் காலேஜ் போகிற காலமாகிவிட்டது. நீங்கள் சொல்கிற அதே ஊசியைத்தான் சில வருடமாக நானே தொடையில் போட்டுக்கொள்கிறேன். டாக்டர் இல்லை, அதனால் நான் சொல்வதை உங்கள் கிளினிக்கில் கேட்பதற்கான கேள்விகளாக எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அம்மாவின் பயத்தைப் பேசுவோம். அவர் மனதில் இருக்கிற ஊசி வேறு. நம்ம ஊரில் இழுப்பு வந்தால் ராத்திரியோடு ராத்திரியாகப் பக்கத்துக் கிளினிக்குக்கு ஓடி மூச்சுக்குழாயை விரிக்கிற ஒரு டெரிஃபைலின் ஊசி, கூடவே ஒரு டெக்ஸா போட்டுவிட்டு வருவோம் இல்லையா, பத்து நிமிடத்தில் மூச்சுத் திணறல் விட்டுவிடும், அடுத்த மாதம் மறுபடி ஓடுவோம். டெக்ஸா என்பது ஸ்டீராய்டு. அதை அடிக்கடி போட்டால் உடம்பு கெடும் என்று அம்மா பயப்படுவது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் மெப்போலிசுமாப் ஸ்டீராய்டு இல்லை. ஈசினோபில் என்ற வெள்ளை அணு பெருகுவதற்குக் காரணமான இன்டர்லூகின்-5 என்ற ஒரே ஒரு பொருளைப் பிடித்து நிறுத்துகிற ஆன்டிபாடி, அதாவது எதிர்ப்புப் புரதம். 100 மில்லிகிராம், 4 வாரத்துக்கு ஒரு தடவை, தோலுக்கு அடியில். போட்ட உடனே மூச்சுத் திணறல் விட்டுவிடாது. வீசிங் வந்த நேரத்தில் இது உதவவே உதவாது, அதற்கு உங்கள் இன்ஹேலர்தான். இதை அம்மாவிடம் சொல்லுங்கள், பாதிப் பயம் போய்விடும்.

மீதிப் பயத்துக்கு வருவோம். இந்த ஊசியின் ஆபத்தை "ஒன்றும் போடாமல் இருப்பது" என்பதோடு வைத்துப் பார்க்காதீர்கள். உங்களுக்கு அந்த வழி இல்லை. நான்கு கோர்ஸ் என்கிறீர்கள். ஒரு கோர்ஸ் நாளைக்கு 40 மில்லிகிராம், 5 நாள் என்று வைத்தாலே 200. நான்குக்கு 800. பிரிட்டனில் ஆஸ்துமாக்காரர்களின் மருத்துவப் பதிவுகளை வைத்து நடந்த ஒரு பெரிய ஆய்வில், மாத்திரை ஸ்டீராய்டின் மொத்த அளவு, அதாவது வாழ்நாள் கணக்கு, ஒரு கிராமை ஒட்டி வரும்போதே சுகர், எலும்புத் தேய்வு, கண்புரை போன்றவை கூடத் தொடங்குவது தெரிந்தது. ஊரில் போட்ட டெக்ஸா எல்லாம் இந்தக் கணக்கில் சேரவே இல்லை, அதையும் சேர்த்தால் நீங்கள் அந்த எல்லையை எப்போதோ தாண்டியிருப்பீர்கள். ஆக உங்கள் முன்னால் இருப்பது வருடத்துக்கு நான்கு ஸ்டீராய்டு கோர்ஸ் ஒரு பக்கம், மாதம் ஒரு ஊசி மறு பக்கம். ஆஸ்துமா முற்றி ஆம்புலன்ஸில் போவதும் முதல் பக்கத்தில்தான் சேரும்.

நெட்டில் படித்து நீங்கள் நடுங்கியது பெரும்பாலும் ஒமாலிசுமாப் என்ற வேறு ஊசியைப் பற்றி. சோலேர் என்ற பெயரில் 2003-லிருந்து அமெரிக்காவில் இருக்கிறது, அலர்ஜி ஆஸ்துமாவுக்கு. அதைப் போட்ட சிலருக்கு அனாஃபிலாக்சிஸ், அதாவது உடம்பு முழுக்கத் தடித்து மூச்சும் பிரஷரும் இறங்குகிற கடும் அலர்ஜி வந்ததால் 2007-ல் அமெரிக்க மருந்துத் துறை மருந்துக் குறிப்பில் கட்டம் கட்டிய எச்சரிக்கை போட வைத்தது. ஆயிரத்தில் ஒன்று இரண்டு பேர் என்ற கணக்கு. முதல் சில ஊசிகளில்தான் அதிகம், ஆனால் ஒரு வருடம் கழித்தும் வந்திருக்கிறது, ஊசி போட்டுச் சில மணி நேரம் கழித்தும் வந்திருக்கிறது. அதே மருந்தை 5 வருடம் தொடர்ந்து பார்த்த ஆய்வில் கேன்சர் கூடவில்லை. மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை மட்டும் மருந்து போட்டவர்களிடம் சற்றுக் கூடுதலாக இருந்ததால் 2014-ல் அதையும் எச்சரிக்கையில் சேர்த்தார்கள். ஆனால் அந்த ஊசி கிடைத்தவர்கள் முதலிலேயே ஆஸ்துமா கடுமையாக இருந்தவர்கள், அதனால் மருந்தின் குற்றம் எவ்வளவு, நோயின் குற்றம் எவ்வளவு என்று பிரிக்க முடியவில்லை. யாராவது "அந்த ஊசி போட்டால் ஹார்ட் அட்டாக்" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினால் இதுதான் அதன் மூலம்.

மெப்போலிசுமாப்பின் கதை இதைவிட அமைதியானது. 2015-ல் வந்தது. ஆய்வில் ஐந்தில் ஒருவருக்குத் தலைவலி, ஆனால் மருந்தில்லாத வெறும் ஊசி போட்டவர்களிலும் கிட்டத்தட்ட அதே அளவு. ஊசி போட்ட இடம் சிவந்து அரிக்கும், எனக்கும் உண்டு, மறுநாள் போய்விடும். கடும் அலர்ஜி இதிலும் வரலாம், அபூர்வம். அக்கி (இங்கே ஷிங்கிள்ஸ் என்பார்கள்) ஒன்றைக் கவனியுங்கள்: ஆய்வில் மருந்து எடுத்தவர்களில் இரண்டு பேருக்கு அது கடுமையாக வந்தது, மற்றவர்களில் யாருக்கும் இல்லை. எண்ணிக்கை சின்னதுதான், ஆனாலும் அக்கி தடுப்பூசி உங்களுக்கு உண்டா என்று கேட்டு வையுங்கள். சராசரி மூன்றரை வருடம் தொடர்ந்து பார்த்த ஆய்வில் புதிதாக எந்த ஆபத்தும் தலைகாட்டவில்லை. இருபது வருடக் கணக்கு இதற்குக் கிடையாது, மருந்தே அவ்வளவு பழையது இல்லை. அதைப் பொய்யாக மூடி மறைக்கிற டாக்டரை நம்பாதீர்கள், நேராகச் சொல்கிறவரை நம்புங்கள்.

பலனையும் ஊதிப் பெருக்காமல் சொல்கிறேன். 2014-ல் வெளியான பெரிய ஆய்வில் கடும் தாக்குதல்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. பாதிதான். எனக்கு அதைவிட நன்றாகக் கேட்டது, என் கூடவே ஆரம்பித்த ஒரு பஞ்சாபி அம்மாவுக்குக் கேட்கவே இல்லை, அவரை வேறு ஊசிக்கு மாற்றினார்கள். இங்கே ஒரு வருடம் முடிந்ததும் பலன் உண்டா என்று பார்ப்பார்கள், இல்லையென்றால் நிறுத்துவார்கள். அதனால் "ஆரம்பித்தால் சாகும் வரை" என்பது இல்லை. பழகிப்போகிற மருந்தும் இல்லை, நிறுத்தினால் உடம்பு அதைக் கேட்டுத் துடிக்காது, ஆனால் அடங்கியிருந்த நோய் மறுபடி தலை தூக்கலாம். இங்கே சும்மா யாருக்கும் கொடுத்துவிடவும் மாட்டார்கள்: ரத்தத்தில் ஈசினோபில் எண்ணிக்கை 300 அல்லது அதற்கு மேல், வருடத்தில் நான்கு ஸ்டீராய்டு கோர்ஸ், இல்லையென்றால் 400 அல்லது அதற்கு மேல், மூன்று கோர்ஸ் என்று கணக்குப் பார்த்துத்தான்.

இப்போது நம்ம ஊர்க்காரர்களுக்கென்றே உள்ள விஷயம். இதை வெள்ளைக்கார டாக்டர் மறந்தாலும் நீங்கள் மறக்கக் கூடாது. புழு.

ஈசினோபில் அணுவின் பழைய வேலையே புழுவோடு சண்டை போடுவது. ஊரில் ரத்தம் பார்த்து "ஈசினோபீலியா இருக்கு" என்று ஹெட்ரசான் எழுதிக் கொடுப்பார்கள் நினைவிருக்கிறதா, அது யானைக்கால் புழுவுக்கான மருந்து. ஆக உங்கள் ரத்தத்தில் ஈசினோபில் கூடியிருப்பது ஆஸ்துமாவாலா, புழுவாலா என்று முதலில் தெரிய வேண்டும். நீங்கள் அருமனைக்காரர். ரப்பர் தோட்டத்தில் விடியற்காலையில் அப்பா பால் வெட்டப் போக, பின்னாலேயே வெறுங்காலோடு ஒட்டுப்பால் பொறுக்கப் போயிருப்பீர்கள், மழைக்காலத்தில் அந்த மண் எப்படி இருக்கும் என்று எனக்குச் சொல்ல வேண்டாம். கொக்கிப்புழுவும் ஸ்ட்ராங்கிலாய்டஸ் என்ற புழுவும் அப்படி ஈர மண்ணிலிருந்து பாதத் தோல் வழியாக ஏறுபவை. இரண்டாவது மிகவும் பொல்லாதது. உடம்புக்குள்ளேயே திரும்பத் திரும்பப் பெருகிப் பத்திருபது வருடம்கூட ஒரு அறிகுறியும் காட்டாமல் கிடக்கும். ஸ்டீராய்டு கோர்ஸ் மேல் கோர்ஸாகப் போனால் அது திடீரென்று உடம்பெங்கும் பரவி உயிருக்கே ஆபத்தாகலாம். அதாவது ஊசி ஆரம்பிக்காவிட்டாலும் இந்த டெஸ்ட் உங்களுக்குத் தேவை.

மெப்போலிசுமாப் குறிப்பிலேயே, புழு இருந்தால் முதலில் அதற்கு மருந்து கொடுத்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும் என்று இருக்கிறது. "நான் தென்னிந்தியாவில் கிராமத்தில் வளர்ந்தவன், ஸ்ட்ராங்கிலாய்டஸ் ரத்தப் பரிசோதனை செய்தீர்களா?" என்று நேராகக் கேளுங்கள். பள்ளிக்கூடத்தில் கொடுத்த பூச்சி மாத்திரை போதாதா என்றால் போதாது, அந்த அல்பெண்டசோல் இந்தப் புழுவை முழுக்க விரட்டாது, இதற்கு ஐவர்மெக்டின்தான் நல்லது. எனக்கு இந்த டெஸ்டைப் பார்த்தது ஒரு மலையாளி ஜூனியர் டாக்டர், நாகர்கோவில் பக்கம் என்றதும் சிரித்துக்கொண்டே எழுதிப் போட்டார்.

ரப்பர் என்றதும் இன்னொன்று. பால்வெட்டுக் குடும்பங்களில் சிலருக்கு ரப்பர் பாலே அலர்ஜி. உங்களுக்குக் கையுறை, பலூன் பட்டால் தடிக்குமா? ஒமாலிசுமாப்பின் பழைய ஊசிகளில் முனை மூடியில் ரப்பர் பால் கலந்த பொருள் இருந்தது. எந்த ஊசியானாலும் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஊசி ஆரம்பித்து நன்றாக இருக்கும்போதுதான் நம்மவர்கள் ஒரு கூத்து செய்வார்கள், ஸ்டீராய்டு மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்திவிடுவது. தினமும் எடுக்கிற ஆளென்றால் அது பெரிய ஆபத்து. உடம்பு தன் சொந்த ஸ்டீராய்டு சுரப்பதை மறந்திருக்கும், திடீரென்று நிறுத்தினால் வாந்தி, மயக்கம், பிரஷர் இறங்கிக் கிடப்போம். மெதுவாகத்தான் இறக்குவார்கள், நடுவில் காலையில் ரத்தம் எடுத்து கார்ட்டிசால் என்ற அந்தச் சொந்த ஸ்டீராய்டு எவ்வளவு என்று பார்ப்பார்கள். அவசர ஸ்டீராய்டு அட்டை ஒன்று தருவார்கள், அதைப் பர்ஸிலேயே வைத்திருங்கள். தினசரி இன்ஹேலரையும் விடக் கூடாது, ஊசி அதற்கு மாற்று இல்லை. அம்மா அனுப்பி வைக்கிற பெயர் இல்லாத மூச்சுப் பொடி, லேகியம் ஏதாவது இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள், அப்படி லேபிள் இல்லாத சிலவற்றில் ஸ்டீராய்டையே கலந்துவிடுகிறார்கள்.

போடுவது எப்படி என்று பயப்பட வேண்டாம். முதல் சிலவற்றை ஆஸ்பத்திரியில் வைத்துப் போட்டு உட்கார வைத்துப் பார்ப்பார்கள், அப்புறம் வீட்டுக்கே வேன் கொண்டுவந்து தரும். என் ஃபிரிட்ஜில் அது மீன்குழம்புச் சட்டிக்கும் மோருக்கும் நடுவில் பெட்டியோடு இருக்கும். வெளியே எடுத்து அரை மணி நேரம் வைக்க வேண்டும், அவசரப்பட்டுச் சில்லென்று போட்டால் நன்றாகவே எரியும். பேனா மாதிரியான அதைத் தொடையில் அழுத்தினால் ஒரு க்ளிக், கொஞ்சம் பொறுத்து இன்னொரு க்ளிக், அதற்குப் பிறகும் ஐந்து எண்ணிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். ஊசி முனை கண்ணுக்கே தெரியாது. காசு விஷயம்: இந்த ஊசிக்கு நீங்கள் எதுவும் கட்ட வேண்டியதில்லை. இன்ஹேலர் போன்ற மற்ற மருந்துகளுக்கு இங்கிலாந்தில் மருந்துக் கட்டணம் உண்டு, அதற்கு வருடச் சீட்டு எடுத்தால் லாபம்.

வாடகை வீட்டில் ஜன்னல் ஓரம், அலமாரிப் பின்புறம் கறுப்பாகப் பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள். ஹீட்டர் மேல் துணி காயப் போட்டுக்கொண்டு எந்த ஊசி போட்டாலும் பாதிப் பலன்தான். வீட்டுக்காரருக்கு எழுத்திலேயே புகார் அனுப்புங்கள், போனில் சொன்னதெல்லாம் காற்றோடு போய்விடும்.

கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போவீர்கள் என்றால் தேதியை இப்போதே கணக்குப் பண்ணுங்கள். கிளம்புவதற்கு முன்னால் ஒன்றைப் போட்டுவிட்டு, 4 வாரத்துக்குள் திரும்பிவிட்டால் தொல்லையே இல்லை. கொண்டுபோகத்தான் வேண்டும் என்றால் கைப்பையில்தான், லக்கேஜில் போட்டால் உறைந்துபோகலாம். மெப்போலிசுமாப் பெட்டியைத் திறக்காமல் 30 டிகிரிக்குள் 7 நாள் வரை வெளியே வைக்கலாம், ஆனால் திருவனந்தபுரத்தில் இறங்கிக் களியக்காவிளை நெரிசலில் காருக்குள் மாட்டிக்கொண்டால் 30 எல்லாம் எப்போதோ தாண்டிவிடும், ஐஸ் பை போதுமான அளவு வையுங்கள், ஐஸ் நேரடியாக ஊசியில் படாமல். டாக்டர் கடிதம் ஒன்று கையில் இருக்கட்டும். ஊருக்குப் போன இடத்தில் இழுப்பு வந்து கிளினிக்கில் ஊசி போடச் சொன்னால், என்ன ஊசி என்று பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டு வாருங்கள், டெக்ஸா என்றால் அதுவும் இங்குள்ள கணக்கில் ஏற வேண்டும்.

புழு டெஸ்ட் ரிசல்ட்டும் ஈசினோபில் எண்ணும் கைக்கு வந்ததும் எழுதுங்கள். நான் வழக்கமாக ஞாயிறு பூசை முடிந்துதான் இதையெல்லாம் பார்ப்பேன், பதில் தாமதமானால் கோபிக்க வேண்டாம்.