அழகர் வீடியோவை ஒட்டினால் படம் உடைகிறதா?

வணக்கம். அழகர் வைகையில் இறங்கியதைப் பாதி கைபேசியிலும் மீதி கேமராவிலும் எடுத்து எஃப்எஃப்எம்பெக்கில் (கட்டளை எழுதி வீடியோவை மாற்றும், ஒட்டும் மென்பொருள்) ஒட்டினால், கேமரா பகுதி வந்ததும் படம் கட்டம் கட்டமாக உடைகிறது, ‘கோவிந்தா’ கோஷம் இழுத்துக் கேட்கிறது என்கிறீர்கள். பயப்படாதீர்கள், மூலக் கோப்புகள் தனித்தனியாக நன்றாக ஓடுகிறதென்றால் அவற்றில் பழுதில்லை.

கோப்புகளை வரிசையாக ஒட்டும் கான்காட்டோடு, ‘அப்படியே எடு’ என்னும் ‘காப்பி’யைக் கொடுத்தால் படமும் ஒலியும் எதுவும் மாற்றப்படாது. முதல் கோப்பின் அமைப்பே அடுத்ததற்கும் பொருந்தும் என்று வைத்து ஒட்டிவிடும். கோப்பின் விவரங்களைக் காட்டும் எஃப்எஃப்புரோப்பில் இரண்டையும் பாருங்கள். ஒலியை நொடிக்கு எத்தனை முறை அளந்து பதிகிறது என்பது கைபேசியில் 44,100 ஹெர்ட்ஸ், கேமராவில் 48,000 என்று இருக்கலாம். 48,000-இல் பதிந்ததை 44,100-இல் ஓட்டினால் சுமார் 8 சதவீதம் மெதுவாகும், குரலும் கனத்துவிடும். நீங்கள் கேட்பது அதுதான்.

படத்திலும் கோடெக் (படத்தைச் சுருக்கும் முறை), அளவு, பிக்சல் ஃபார்மேட் (நிறத்தைப் பதியும் முறை), டைம்பேஸ் (நேரத்தை எண்ணும் அலகு) எல்லாம் ஒத்துப்போக வேண்டும். புதிய கைபேசிகள் பல எச்.265 என்ற கோடெக்கில் பதிகின்றன, கேமராவில் எச்.264 இருந்தால் காப்பி ஒத்துவராது.

அதற்காக எல்லாவற்றையும் மறுபடி என்கோட் செய்ய (சுருக்கிப் பதிய) வேண்டாம், அது வீண் வேலை. கைபேசிக் கோப்பை மட்டும் கேமராவின் அளவுகளுக்கு மாற்றுங்கள். கைபேசியில் ஃபிரேம் வேகம் ஏறி இறங்கும், அதனால் கேமராவின் வேகத்தையே நிலையாகக் கொடுங்கள். டைம்பேஸை முடிவு செய்யும் வீடியோ டிராக் டைம்ஸ்கேலையும் கேமராவுக்கு ஒத்ததாகக் கொடுக்க மறக்காதீர்கள். அப்புறம் பழைய கட்டளையிலேயே ஒட்டலாம்.

ஒட்ட வேண்டிய கோப்புகளின் பட்டியலை நோட்பேடில் எழுதினால் பிஓஎம் (கோப்பின் தொடக்கத்தில் வரும் மறைகுறி) இல்லாத யுடிஎஃப்-8 ஆகச் சேமியுங்கள், இல்லாவிட்டால் முதல் வரியிலேயே பிழை காட்டும். அப்படியும் சரியாகவில்லை என்றால் எஃப்எஃப்புரோப் காட்டுவதை இரண்டு கோப்புக்கும் இங்கே ஒட்டுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.