சோங், யாங்: ஒரே ஆறு, இரண்டு சொல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வியட்நாம் போய் வந்தேன். ஹுவே நகரத்து ஆற்றை வழிகாட்டி 'சோங் ஹுவோங்' என்றார். ஒரு பலகையில் 'ஹுவோங் யாங்' என்றிருந்தது. யாங் சீனச் சொல் என்றார்கள். அப்படியானால் சோங்கும் சீனம்தானா? வியட்நாமியமே சீனத்தின் கிளைதானே?

உங்கள் வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

கிளை இல்லை. வியட்நாமியம் ஆஸ்திரோஆசியக் குடும்பத்து மொழி. கம்போடியாவின் கெமர், பர்மாவின் மோன், நம் நாட்டுச் சந்தாலி, காசி எல்லாம் அதன் உறவுக்காரர்கள். கி.மு. 111 முதல் கி.பி. 938 வரை, இடையிடையே விடுபட்டாலும், சீன ஆட்சி நடந்தது. சீனச் சொற்கள் அப்படித்தான் குவிந்தன.

ஆறு என்று பொருள்படும் சோங் சொந்தச் சொல். பழைய மோனில் ஆறு 'க்ருங்', அதே குடும்பத்துப் பானார் மொழியில் 'க்ரோங்'. அந்த 'க்ர' வியட்நாமியத்தில் தேய்ந்து 'ச' ஆகிவிட்டது. வியட்நாமின் டாக் லாக் மேட்டுநிலத்தில் க்ரோங் அனா, க்ரோங் நோ என்று இரண்டு ஆறுகள் உண்டு, பெண் ஆறு, ஆண் ஆறு என்று பொருள். இன்று அவற்றின் முன்னாலும் 'சோங்' சேர்த்துச் சொல்கிறார்கள். தேயாத சொல்லும் தேய்ந்த சொல்லும் ஒரே பெயரில் அடுத்தடுத்து நிற்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

சரி, யாங்? ஆற்றைக் குறிக்கும் சீன 'ஜியாங்' என்பதன் வியட்நாமிய உச்சரிப்பு அது. வடக்கே போனால் 'ஸாங்' என்று காதில் விழும். ஆனால் ஜியாங்கின் பழைய வடிவமே ஏறக்குறைய 'க்ரோங்' என்றுதான் மொழியியலாளர்கள் மீட்டெடுக்கிறார்கள். சீனம் அதைத் தெற்கத்திய ஆஸ்திரோஆசிய மக்களிடம் கடன் வாங்கியது என்று 1976-இல் ஜெரி நார்மனும் ட்சு-லின் மெய்யும் வாதிட்டார்கள். சீனத்தின் உறவான திபெத்தோ-பர்மிய மொழிகளில் வேர் தேடுகிறவர்களும் உண்டு. எனக்கு நார்மன் பக்கமே நியாயம் தெரிகிறது. காரணம், சீன ஆற்றுப் பெயர்கள். வடக்கே ஆறு பெரும்பாலும் 'ஹே', மஞ்சள் ஆறான ஹுவாங் ஹே மாதிரி. தெற்கே வந்தால் 'ஜியாங்': யாங்சியின் சீனப் பெயரே சாங் ஜியாங்தான். வடக்கிலிருந்து வந்தவர்கள் யாங்சிக் கரையில் கேட்ட சொல்லைத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள் என்றே நினைக்கிறேன். அப்புறம் பல நூற்றாண்டு கழித்து, அதே சொல் ஆட்சியாளர்களின் எழுத்தோடு வியட்நாமுக்கு வந்திருக்கிறது.

நீங்கள் எழுதிய இரண்டு பெயர்களையும் மறுபடி பாருங்கள். 'சோங்' பெயருக்கு முன்னால் நிற்கிறது, அது வியட்நாமிய வரிசை. 'யாங்' பின்னால் நிற்கிறது, அது சீன வரிசை. அக்கா தங்கை மாதிரியான இரண்டு சொற்கள், ஹுவேயில் ஓடும் ஒரே ஆற்றுக்கு.