சொந்த ஊரில் இருந்தபடியே வெப் அப்ளிகேஷன் எழுதிப் பிழைக்க எந்த பிரேம்வொர்க் படிக்க வேண்டும்?

நீங்கள் கேட்ட விதத்தைப் பார்த்தால், படிப்பு முடித்து ஊரிலேயே இருக்கிறீர்கள், வீட்டில் சென்னைக்குப் போகச் சொல்கிறார்கள் என்று நினைக்கிறேன். நான் ராமேஸ்வரம் தீவில் உள்ள தங்கச்சிமடத்தில் உட்கார்ந்து இந்த வேலையைச் செய்கிறவன். பிரேம்வொர்க் என்பது அப்ளிகேஷன் கட்டத் தயாராகக் கிடைக்கும் கோடு அடித்தளம்தான், லாராவெல், ஜாங்கோ, எதுவானாலும் சரி, கைக்கு வருவதைப் படியுங்கள். ஆனால் ஒரே ரிக்வெஸ்ட், அதாவது போனோ கம்ப்யூட்டரோ அனுப்பும் கோரிக்கை, சர்வருக்கு இரண்டு தடவை வந்தால் என்ன ஆகும் என்று யோசிக்காமல் ஒரு ஃபார்ம்கூட எழுதாதீர்கள்.

எங்கள் பக்கம் இறால், நண்டு, கணவாய் வாங்கும் வியாபாரி ஒருவர், வேறு யாரோ எழுதிய அப்ளிகேஷனைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி என்னிடம் கொடுத்தார். படகு வந்ததும் எடை போட்டு, கணக்கப்பிள்ளை கரையிலேயே போனில் பில் போடுவார். சாயங்காலம் பட்டுவாடா. சில படகுகளுக்கு இரண்டு தடவை பணம் ஏறி நிற்க, பழி கணக்கப்பிள்ளை மேல் விழுந்திருந்தது. எனக்கு அதுதான் தாங்கவில்லை. டேட்டாபேஸில் பில்கள் சேரும் டேபிளைத் திறந்து பார்த்தேன். அதே படகு எண், அதே கணவாய், அதே 18.5 கிலோ, நேரத்தில் மட்டும் சில நொடி வித்தியாசம். கரையில் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும். சேமி பட்டனை அமுக்கியிருக்கிறார், வட்டம் சுற்றிக்கொண்டே நின்றிருக்கிறது, மறுபடி அமுக்கியிருக்கிறார். முதல் ரிக்வெஸ்ட் சர்வருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, பதில்தான் திரும்பி வரவில்லை. அந்த மனிதர் ஒரு பைசா எடுக்கவில்லை.

பட்டனை ஒரு அமுக்கோடு முடக்கிவிடலாமே என்பீர்கள். பக்கத்தை ரீலோட் செய்தால் மறுபடி வந்துவிடும். பத்து நிமிடத்துக்குள் அதே எடை வந்தால் தள்ளிவிடு என்று நண்பர் ஒருவர் யோசனை சொன்னார். இரண்டு பெட்டி நண்டு நிஜமாகவே ஒரே எடை நிற்கும், அப்போது படகுக்காரர் காசு போய்விடும். அதனால் ஃபார்ம் திறக்கும்போதே போன் ஒரு யூயூஐடி (வேறு எதற்கும் வராத தனி அடையாள எண்) உருவாக்கி, பிரவுசருக்குள்ளேயே இருக்கும் இண்டெக்ஸ்டுடிபி சேமிப்பில் வைத்துக்கொண்டு, பில்லோடு அனுப்பும்படி மாற்றினேன். டேபிளில் அதற்கு யூனிக் இண்டெக்ஸ், அதாவது ஒரே எண் இரண்டு தடவை வரக் கூடாது என்ற கட்டுப்பாடு. அதே எண் மறுபடி வந்தால் மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ் உள்ளே விடாது, சர்வரும் எரர் காட்டாமல் பழைய பில்லையே திருப்பிக் கொடுக்கும். 'ஏற்கெனவே இருக்கிறதா' என்று கோடில் தேடிப் பார்த்துவிட்டு எழுதுவதை நம்பாதீர்கள். இரண்டு ரிக்வெஸ்டும் ஒரே சமயத்தில் வந்தால் இரண்டுக்குமே 'இல்லை' என்றுதான் பதில் கிடைக்கும். சிக்னல் இல்லாதபோது பில் போனிலேயே காத்திருக்கும். சிக்னல் வந்ததும் தானாக அனுப்பும் பேக்கிரவுண்ட் சிங்க் வசதி ஐபோன் சஃபாரியில் கிடையாது, ஆகவே பக்கம் திறக்கும்போதெல்லாம் மிச்சம் இருப்பதை அனுப்பிப் பார்க்கும்படி எழுதிவிடுங்கள்.

அதே அப்ளிகேஷன் நாள் கணக்கை யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் பார்த்தது. நம் நேரம் ஐந்தரை மணி முன்னால் என்பதால் காலை 5.30க்கு முன் போட்ட பில் எல்லாம் முந்தின நாளில் விழும். படகு வருகிற நேரமே விடியற்காலைதானே! அப்புறம், தொண்டி என்று ஊர்ப் பெயரைத் தேடினால் பாதிப் பில்தான் வந்தது. 'தொ'வில் உள்ள கொம்பையும் காலையும் சில கீபோர்டு ஒரே யூனிகோடு குறியாக அனுப்பும், சில தனித்தனியாக அனுப்பும். கண்ணுக்கு ஒன்றுதான், டேட்டாபேஸுக்கு வேறு வேறு. சேமிக்கும் முன்பும் தேடும் முன்பும் என்எஃப்சி என்ற ஒரே சீரான யூனிகோடு வடிவத்துக்கு மாற்றினால் தீர்ந்தது.

இதெல்லாம் பால பாடம் என்று பெரிய கம்பெனியில் இருப்பவர்கள் பின்னூட்டம் போடலாம். பால பாடம்தான். காசு வாங்கிக்கொண்டு எழுதியவர் செய்யவில்லையே!

பராமரிப்புக்கு மாதக் கட்டணம் முதல் நாளே பேசிவிடுங்கள். "எழுதியாச்சே தம்பி, அப்புறம் எதுக்கு காசு?" என்றுதான் கேட்பார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகைக் கரையேற்றிப் பழுது பார்க்கிறீர்களே, அதுபோலத்தான் என்றேன், உடனே ஒத்துக்கொண்டார். அப்ளிகேஷன் எழுதியிருக்கும் பிஎச்பி மொழியின் வெர்ஷன் மாற்றுவது, டேபிள் அமைப்பில் கை வைப்பது எல்லாம் நானும் அந்த நாட்களில்தான் செய்கிறேன். நாட்டுப்படகு போகும் என்பதால் பில் அடியோடு நிற்காது, ரொம்பக் குறையும்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்கிறேன். 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயிலை நிறுத்தியதில் இருந்து 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறக்கும் வரை எங்களுக்கு ரயில் மண்டபத்தோடு சரி. அந்தக் காலத்திலும் சென்னைக் கம்பெனி ஒன்று ஒவ்வொரு சின்னப் பேச்சுக்கும் நேரில் வரச் சொன்னது. வீடியோ காலில் பேச வேண்டிய விஷயத்துக்கு மூட்டையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி மண்டபம் போய் ரயில் பிடிப்போம். ஊரில் இருப்பவனுக்கு நேரத்துக்கு மதிப்பே இல்லையா?

சரி, நீங்கள் இன்றே ஒரு சின்ன பில் ஃபார்ம் எழுதுங்கள். குரோம் டெவலப்பர் டூல்ஸில் நெட்வொர்க் வேகத்தை 3ஜிக்குக் குறைத்து வைத்து, சேமி பட்டனை அமுக்கி, பதில் வருவதற்குள் ரீலோட் செய்து மறுபடி அமுக்குங்கள். டேபிளில் எத்தனை வரி விழுந்தது என்று பின்னூட்டத்தில் எழுதுங்கள், அதை வைத்து மேலே பேசலாம்.