முதலைப் பண்ணைக்கும் கடற்கரைக்கும் ஒருநாள் பயணம்: செயலிக் கடன் வாங்கலாமா?

கேள்வி: வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கிறேன். ஷூ கம்பெனியில் மாதம் 24,000 ரூபாய் சம்பளம். அப்பா, அம்மா, மனைவி, 7, 10 வயதுப் பிள்ளைகளோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை வடநெம்மேலி முதலைப் பண்ணையையும் மாமல்லபுரம் கடற்கரையையும் பார்க்க ஆசை. 7 சீட் வண்டிக்கு கி.மீ.க்கு 16 ரூபாய், டிரைவர் பேட்டா 500 கேட்கிறார்கள். கடன் செயலி ஒன்றில் 10,000 ரூபாய் தருகிறார்கள். 6 மாதம், மாதம் 1,900. பரிசீலனைக் கட்டணம் வரியோடு 590. வாங்கலாமா?

பதில்: பயணம் போங்கள், கடன் வேண்டாம். கையில் வருவது 9,410, கட்டுவது 11,400. மாதத் தவணையில் அசல் குறைந்துகொண்டே வருவதைச் சேர்த்துக் கணக்கிட்டால் ஆண்டுக்கு ஏறத்தாழ 69% வட்டி. எந்தக் கடனுக்கும் கையெழுத்துக்கு முன்பு 'முக்கிய விவர அறிக்கை' கேளுங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி தந்தாக வேண்டும். கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு வட்டி அதில் இருக்கும்.

இனி செலவு. ஆற்காடு, காஞ்சிபுரம், செங்கல்பட்டு வழியாகப் போய்த் திரும்ப, மாமல்லபுரத்துக்கு வடக்கே இருக்கும் பண்ணையையும் சேர்த்து சுமார் 310 கி.மீ. வாடகை 4,960, பேட்டா 500, டோல், பார்க்கிங் 600. ஆக 6,060. பண்ணை நுழைவுக்கு 1,000 ஒதுக்குங்கள். கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதத்துக்கும் சேர்த்து ஒரே டிக்கெட், தலைக்கு 40 ரூபாய். 15 வயதுக்குக் கீழ் இலவசம் என்பதால் 160 போதும். சாப்பாடு, டீக்கு 1,500, பிள்ளைகள் கேட்பதற்கு 500. கைக்காவலாக 780 வைத்தால் சரியாக 10,000.

பாதிக்கு மேல் வண்டிக்கே போகிறது. பேரம் பேச வேண்டிய இடம் அதுதான். கி.மீ. எங்கிருந்து ஓடத் தொடங்கும் என்று முதலில் கேளுங்கள்: 'ஷெட் டு ஷெட்' என்றால் வண்டி உங்கள் வீட்டுக்கு வரும் தூரமும் உங்கள் தலையில்தான். குறைந்தபட்ச கி.மீ. எவ்வளவு, இரவு 10 மணி தாண்டினால் தனி பேட்டா உண்டா என்பதையும் வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். புறப்படும்போதும் இறங்கும்போதும் மீட்டரைப் போட்டோ எடுங்கள். பக்கத்து வீட்டாரோடு சேர்ந்து 12 சீட் வேன் கி.மீ.க்கு 22, பேட்டா 600, டோல், பார்க்கிங் 800 என்று அமைந்தால் மொத்தம் 8,220. உங்கள் பங்கு 4,110. ஏறக்குறைய 2,000 மிச்சம். பஸ்ஸில் போகலாம்தான், ஆனால் மூன்று பஸ் மாறுவது பெரியவர்களுக்குச் சிரமம். பெண்களுக்கான இலவச விடியல் பயணம் நகரப் பேருந்துகளுக்கு மட்டுமே என்பதால் அம்மாவுக்கும் மனைவிக்கும் டிக்கெட் எடுக்க வேண்டியிருக்கும்.

கடனுக்குக் கட்டுவதாக இருந்த 1,900-ல் 1,700-ஐ மட்டும் 6 மாதம் சேர்த்தால் 10,200. சம்பளம் விழும் கணக்கிலேயே விட்டால் கரைந்துவிடும். ஏடிஎம் கார்டு இல்லாத தனி சேமிப்புக் கணக்குக்குச் சம்பளத்தன்றே மாற்றுங்கள். மாதாமாதம் கட்டும் அஞ்சலக ஆர்.டி. (தொடர் வைப்பு) இதற்கு ஒத்துவராது: 5 ஆண்டுத் திட்டம், 3 ஆண்டுக்கு முன் முடிக்க முடியாது. நகைச் சீட்டும் வேண்டாம், முடிவில் நகைதான் கிடைக்கும், ரொக்கம் அல்ல.

சிக்கனம் பிடிக்கக் கூடாத இடம் ஒன்று உண்டு. பாம்பு நிபுணர் ரோமுலஸ் விட்டேக்கர் 1976-ல் தொடங்கிய அந்தப் பண்ணைக்குள் 1978-ல் உருவான இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இயங்குகிறது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகியவற்றிலிருந்து விஷம் எடுப்பதைப் பிள்ளைகள் நேரில் பார்க்கலாம். தனி டிக்கெட்தான், கொடுங்கள். சாப்பாட்டில் குறைக்கலாம்: இட்லியும் புளிசாதமும் கட்டிக்கொண்டால் 1,500 பாதியாகும்.

விடிகாலை 5 மணிக்கே கிளம்பி முதலில் பண்ணைக்குப் போங்கள். காலை வெயிலில் முதலைகள் கரையேறிப் படுத்திருக்கும். உச்சி வெயிலில் தண்ணீருக்குள் போய்விடும். கடற்கரை மாலைக்கு. அலை பலமான இடம், பிள்ளைகளைக் கணுக்கால் தண்ணீருக்கு மேல் விடாதீர்கள். திங்களன்று பண்ணைக்கு விடுமுறை, உங்கள் ஞாயிறுக்குச் சிக்கல் இல்லை. காணும் பொங்கலை ஒட்டிய நாட்களை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அந்தக் கூட்டத்தில் வண்டி வாடகையும் ஏறும்.