ட்ராக்கில் போன என்ஜின்: டியூனர் மீது வழக்குப் போடலாமா?

கேள்வி: ட்ராக் டேக்காக (சொந்தக் காரைப் பந்தயத் தடத்தில் ஓட்டும் நாள்) என் டர்போ பெட்ரோல் காரை, என்ஜின் திறனைக் கூட்டித் தரும், ஆறு வருடமாகப் பழகிய ஒரு டியூனரிடம் கொடுத்தேன். பெரிய டர்போ, இன்ஜெக்டர், புது ஈசியு மேப் (என்ஜினை இயக்கும் கம்ப்யூட்டருக்கான அமைப்பு), நன்றாக ஒட்டும் டயர், பிரேக் பேட் எல்லாம் மாற்றித் தந்தார். முதல் ட்ராக் டேயில் மூன்றாவது செஷனிலேயே என்ஜினில் கடகடவென்று சத்தம் வந்து கார் நின்றுவிட்டது. "நீதான் கியரைத் தப்பாகப் போட்டிருப்பாய்" என்கிறார். இரண்டு வருடச் சேமிப்பு போச்சு. இப்போது ஃபோனையும் எடுப்பதில்லை. கூடப்பிறந்தவர் மாதிரி நினைத்தவர் இப்படிச் செய்தது தூக்கத்தைக் கெடுக்கிறது. இன்னொரு ஒர்க்‌ஷாப்பில் ஆயில் பேனை (என்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) கழற்றிப் பார்த்தார்கள், உள்ளே உலோகத் துகள். அடுத்த வாரம் என்ஜினை முழுதாகப் பிரிக்கிறார்கள். மோசடி வழக்கும் நுகர்வோர் வழக்கும் போடலாமா? நெடுஞ்சாலையில் நின்றதாகச் சொல்லி இன்சூரன்ஸ் கேட்கலாம் என்று நண்பர் சொல்கிறார், சரியா?

பதில்: முதலில் அந்த ஒர்க்‌ஷாப்புக்கு ஃபோன் போட்டு, என்ஜினைத் தொட வேண்டாம் என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

ஆறு வருடப் பழக்கம், எடுக்காத ஃபோன், கெட்ட தூக்கம் எதுவும் வழக்கில் ஒரு வரிகூடப் பெறாது. மோசடிப் புகாரையும் விட்டுவிடுங்கள். குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 318-ன்கீழ் மோசடி என்றால், பணம் வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்திருக்க வேண்டும். வேலையை மோசமாகச் செய்வது மோசடி ஆகாது. உங்களிடம் இருப்பது சேவைக் குறைபாட்டு வழக்கு. அதில் கேள்வி ஒன்றுதான்: என்ஜின் எதனால் போனது? அதை நிரூபிக்க வேண்டியது நீங்கள், அவரில்லை.

காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கலாம். நீண்ட வளைவில் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்சி, பேரிங் காய்ந்துபோயிருக்கலாம். மேப்பில் பெட்ரோல் போதாமலோ தீப்பொறி வேண்டியதைவிட முன்பே விழுந்தோ பிஸ்டன் அடிவாங்கியிருக்கலாம். அல்லது அவர் சொல்வதுபோல நீங்கள் நான்கிலிருந்து மூன்றுக்குப் பதில் இரண்டாவது கியருக்கு இறக்கியிருக்கலாம். என்ஜின் அளவுக்கு மீறிச் சுழலாமல் தடுக்கும் ரெவ் லிமிட்டர் இருக்கிறதே என்று இதில் வாதாடிவிடாதீர்கள். லிமிட்டர் எரிபொருளைத்தான் நிறுத்தும். தப்பான கியரில் சக்கரமே என்ஜினைச் சுழற்றும்போது அதற்கு வேலையில்லை.

இந்த மூன்றும் வெவ்வேறு இடத்தில் தடம் விடும். ஆயில் கிடைக்காத பேரிங் ஷெல் (என்ஜின் தண்டைத் தாங்கும் அரைவட்டத் தகடு) கறுத்து, மேல்பூச்சு தேய்ந்து செம்பு தெரியும். மேப் தவறென்றால் பிஸ்டன் தலையில் பொரிந்ததுபோலக் குழிகள் இருக்கும், ரிங் உட்காரும் பகுதி உடைந்திருக்கும். கியர் தவறென்றால் பெரும்பாலும் வால்வு வளைந்திருக்கும், பிஸ்டன் தலையில் வால்வு தட்டிய பிறைத் தழும்பு இருக்கும். சாட்சி சொல்லப்போவது இந்தப் பாகங்கள்தான். அடுத்த வாரம் அவற்றை எதிர்தரப்பு இல்லாமல் கழற்றி, துடைத்து, மேசையில் வரிசையாக வைக்கப் போகிறார்கள்.

நான் பார்த்தவர்களில் பெரும்பாலோர் விழுந்த குழி இதுதான். ஒரு கட்சிக்காரர் எட்டு பேரிங் ஷெல்லையும் டீசலில் பளபளவென்று கழுவி, ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். எது எந்த சிலிண்டருடையது என்று கேட்டேன். தெரியவில்லை. அது அவருடைய என்ஜினிலிருந்து வந்ததுதான் என்பதற்கே அவர் வாய்ச்சொல்லைத் தவிர ஒன்றுமில்லை. பிரித்த மெக்கானிக்கின் கடிதம் இருந்தது. ஆனால் புது என்ஜின் போட்டுப் பணம் வாங்கப்போகிறவரும் அதே மெக்கானிக்தான். எதிர்தரப்பு வக்கீல் அந்த ஒரு கேள்வியோடு உட்கார்ந்துவிட்டார்.

ஆகவே பிரிப்பதற்கு முன் டியூனருக்கு நோட்டீஸ் போகவேண்டும்: இந்தத் தேதி, இந்த நேரம், இந்த இடம், நீங்களோ உங்கள் ஆளோ வாருங்கள் என்று. அவர் வராவிட்டாலும் உங்களுக்கு நல்லதுதான், அழைத்ததற்கு அத்தாட்சி இருக்கும். ரிப்பேர் வேலையில் பங்கில்லாத ஒரு ஆட்டோமொபைல் பொறியாளரோ சர்வேயரோ முன்னால் நிற்கட்டும். கழற்றுவதை வெட்டாமல் வீடியோ எடுங்கள். ஒவ்வொரு பாகத்துக்கும் சிலிண்டர் எண் எழுதி, தனித்தனிப் பையில் சீல் வைத்து, இருப்பவர்கள் கையெழுத்துப் போடட்டும். பரிசோதனையில்லாமல் தெரியாத குறை என்றால் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்ப நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ல் பிரிவு 38(2)(c) வழி வைத்திருக்கிறது. அனுப்புவதற்கு நம்பத்தக்க பொருள் கையில் இருந்தால்தானே? புகாருக்கு இரண்டு வருடக் கெடு இருக்கிறது, அவசரமே இல்லை.

ஈசியுவும் அப்படித்தான். பழைய கம்பெனி மேப்பை ஏற்றிப் பார்க்கலாம் என்று யாராவது ஆரம்பிப்பார்கள். விடாதீர்கள். உள்ளே இருப்பதை நகலெடுக்கலாம், எழுதக்கூடாது. மின்னணுச் சான்றுக்கு சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியம் பிரிவு 63-ன்படி சான்றிதழ் தரவேண்டும், அதன் படிவத்தில் கோப்பு மாறவில்லை என்று காட்டும் ஹாஷ் எண்ணையே கேட்கிறார்கள். நகலெடுத்த அன்றே அதைக் குறித்து வைப்பது நல்லது. காருக்குள் கேமரா ஓடியிருந்தால் மெமரி கார்டைக் கழற்றி உறையில் போடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய துண்டு வீடியோ போதாது.

இன்சூரன்ஸ் யோசனை கொடுத்தவர் நண்பரா என்று எனக்குச் சந்தேகம். வழக்கமான தனியார் கார் பாலிசியில் ஏற்பாடு செய்த பந்தயம், வேகச் சோதனை போன்றவற்றுக்கு இடமில்லை. அது தெரிந்துதான் நெடுஞ்சாலை என்று எழுதச் சொல்கிறார். க்ளெய்ம் படிவத்தில் நெடுஞ்சாலை, நுகர்வோர் புகாரில் ட்ராக், இரண்டிலும் உங்கள் கையெழுத்து. ட்ராக் டே படிவத்தில் நீங்கள் போட்ட கையெழுத்து வேறு இருக்கிறது. அந்தப் படிவத்தின் நகலை எதிர்தரப்பு எடுத்து வைத்த நிமிடம் க்ளெய்மும் போகும், டியூனர் மீதான வழக்கும் போகும்.

இனி டியூனர் என்ன பதில் போடுவார்? மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-க்கு மாறாகக் காரை மாற்றச் சொன்னதே நீங்கள்தான் என்பார். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் காட்டுவார்: தயாரிப்பாளரின் அளவுகளுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது. பிரிவு 182A(4)-ன்படி உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. இதனால் வழக்கு தானாகச் செத்துவிடாது. ஆனால் பதிவு எண்ணோடு சாலையில் ஓடும் காரில் செய்த மாற்றங்களை நீங்களே புகாரில் பட்டியல் போட்டுக் காட்டுகிறீர்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

உங்கள் பக்கம் பலமானது ஜாப் கார்டு, அதாவது செய்யும் வேலையை எழுதித் தரும் சீட்டு. அதில் 'ட்ராக்' என்ற சொல் இருக்கிறதா பாருங்கள். ட்ராக்குக்கென்று தெரிந்தே ஒட்டும் டயர் போட்டார், ஆயில் பேனுக்குள் தடுப்புத் தகடு போட்டாரா? டயர் பிடிக்கப் பிடிக்க வளைவில் வேகம் கூடும், ஆயில் ஒதுங்குவதும் கூடும். பேரிங் கறுத்திருந்து, தகடும் இல்லை என்றால் அவர் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும்.

அதற்கு முன் ஒரு வேலை. காருக்குள் எடுத்த வீடியோ இருந்தால், இன்று இரவு தனியாக உட்கார்ந்து அதன் நகலைச் சத்தத்தோடு பாருங்கள். சத்தம் தொடங்குவதற்கு முன் கடைசியாகக் கியர் இறக்கிய இடத்தில் என்ஜின் கத்துகிறதா, பின்சக்கரமோ முன்சக்கரமோ ஒரு கணம் கீச்சிடுகிறதா என்று கேளுங்கள். கேட்டால் வழக்கு வேண்டாம், அவரிடம் போய்ப் பேசுங்கள். வீடியோவை அழித்துவிட்டு வழக்குப் போடலாம் என்றும் நினைக்காதீர்கள். ஈசியுவிலும் உச்ச ரெவ் பதிவாகியிருக்கலாம், அதைப் படிக்கத் தெரிந்தவர் அவர்.

வீடியோ சுத்தமாக இருந்தாலும் என் ஆலோசனை சமரசம்தான். கூட்டாகப் பிரித்துப் பார்த்த அறிக்கை கைக்கு வந்ததும் பேச்சு எளிதாகிவிடும். பாகம் உங்கள் செலவு, கூலியும் மறு டியூனிங்கும் அவர் பொறுப்பு என்ற அளவில் முடிந்தால் முடித்துக்கொள்ளுங்கள். 'முழுத் தீர்வு' என்ற தாளில் மட்டும் கார் ஓடுவதற்கு முன் கையெழுத்துப் போடாதீர்கள். ட்ராக்கில் ஒரு முழு செஷன் ஓட்டி, வளைவுகளில் ஆயில் பிரஷர் விழாததை காரின் பதிவில் பார்த்த பிறகு போடுங்கள். அவரைத் திட்டி எங்காவது பதிவு போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள், அது பேரத்தில் அவருக்குக் கிடைத்த பலம்.

இன்னொன்று. ஆயில் பேனைக் கழற்றியபோது வடித்த ஆயிலும் ஃபில்டரும் எங்கே? இருந்தால் மூடியுள்ள கேனில் ஊற்றித் தேதி எழுதி வையுங்கள், எவ்வளவு இருந்தது என்பதையும் அளந்து குறியுங்கள். அளவு குறைந்திருந்தால் அதுவே அவருக்கு ஒரு வாதம். கொட்டிவிட்டார்கள் என்றால் என்னிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அவர் கண்டுபிடிப்பதற்கு முன் நோட்டீஸில் நாமே எழுதிவிடலாம்.